ஐந்தாவது உஸ்தாது

மொத்தம் ஆறு மூட்டைகள். ஐந்தில் பள்ளிவாசலில் ஓதி ஓதி முதுகு விட்டுப்போன குர்ஆன் பிரதிகள், மதரசாப் பிள்ளைகள் எச்சில் தொட்டுப் புரட்டியதில் ஓரம் கறுத்த பாட ஏடுகள், கறையான் தின்று மிச்சம் வைத்தவை. ஆறாவது ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடுகிற சின்ன மூட்டை. அதை மற்றவற்றோடு கீழே போட மனமில்லாமல் சிந்தா மதார் லெப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். படகு கரையை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மடி வியர்த்துவிட்டது. முப்பத்துநாலு வருஷமாகக் காட்டுத்துறை மதரசாவில் ஓதிக்கொடுக்கிற மனிதர். அதில் பாதி வருஷங்களாவது இந்தக் காரியத்துக்காகக் கடலுக்கு வந்திருப்பார். வேத எழுத்து உள்ள தாளைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்கவும் யாருக்கும் கை வராது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, வாடைக்காற்று தொடங்குவதற்கு முன்னால், கல்லைக் கட்டிக் கடலில் விடுவது ஊர் வழக்கம். எறியக் கூடாது, இறக்க வேண்டும். மூட்டையின் வளையத்தில் கயிற்றை இரட்டையாகக் கோர்த்து, நபிமேல் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே மெல்ல மெல்ல விட்டு, தரை தட்டியதும் ஒரு நுனியை விட்டுவிட்டு மறுநுனியை இழுத்தால் கயிறு மட்டும் மேலே வரும். இறந்தவரின் மையித்தைக் கபர்க்குழிக்குள் இறக்குகிற அதே பதவிசு. போன வருஷம் வரை இதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. நல்லபடியாக உழைத்து ஓய்ந்த தாள்களை நல்லபடியாக அனுப்பிவைக்கிறோம் என்ற நிம்மதி. இன்றைக்கு அந்த நிம்மதி இல்லை. மடியில் இருப்பது ஓய்ந்த தாள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எதிரே மரப்பலகையில் உட்கார்ந்திருந்த மச்சான் உமர் கத்தாபுக்கும் தெரியும்.

உமர் கத்தாப் அவர் மனைவியின் தம்பி, ஜமாஅத் செயலாளர். கடல் ஒத்துக்கொள்ளாத ஆள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கரையையே பார்த்தபடி இருந்தான். இந்தக் காரியத்துக்கு எந்த வருஷமும் செயலாளர் வந்ததில்லை. வந்திருக்கிறான் என்றால் பார்க்க வந்திருக்கிறான். அதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. "காத்து இல்லாம இருக்கு, நல்லது" என்றான். "ஆமா, நல்லது" என்றார் லெப்பை. பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்த கஸ்பார் அதைக் கேட்டுவிட்டு, "இன்னும் நாலு நாளைக்கு இப்படித்தான் இருக்கும் லெப்பை, அப்புறம் பாருங்க ஆட்டத்த" என்றான். நாற்பது வயது. அவன் அப்பாவும் இதே காரியத்துக்குப் படகு விட்டவர். அவர்கள் தெருவே ஒருகாலத்தில் முத்துக்குளித்த தெரு. இப்போது சங்கும் இல்லை, முத்தும் இல்லை, நண்டு வலைதான். சற்று நேரம் கழித்து, பேச்சோடு பேச்சாக வருகிற குரலில் கஸ்பார் கேட்டான்: "லெப்பை, அந்தக் கிதாபுல எங்காளு ஒருத்தரு பேரு இருக்குன்னு பேசிக்கிட்டாவ. மெய்தானா?" கைக்குட்டை மூக்கைவிட்டுக் கீழே வந்தது. உமர் கத்தாப் கஸ்பாரைப் பார்க்கவில்லை, மச்சானைத்தான் பார்த்தான். "பழைய ஏடு கஸ்பார்" என்றார் லெப்பை. "என்னென்னமோ இருக்கும்." எஞ்சின் சத்தத்தில் அது காதில் விழுந்ததோ இல்லையோ, கஸ்பார் தலையை மட்டும் ஆட்டினான்.

வலவன் மகன் திரையன். பெயர் உள்ளே புரண்டது. தர்காவின் கந்தூரித் திருவிழாவிலிருந்து இன்றோடு இருபத்தாறு நாட்களாக அது இப்படித்தான், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது, சோற்றைப் பிசையும்போது, தொழுகையில் நிற்கும்போதுகூட. தொழுகையில் வேறொரு பெயர் வருவதை நினைத்து அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே இடம் மூச்சப்பாவின் அடக்கத்தலம்தான். அங்கே போய் நின்றால் வாய் வரவில்லை. அறுநூறு வருஷத்துக்கு முந்திய மனிதர் அப்பா. ஒலியுல்லா, இறைநேசர். மூச்சை அடக்கி இறைவனைத் தியானித்ததால் மூச்சப்பா. அந்த மூச்சடக்கம்தான் ஊருக்கே பெருமை. வியாழக்கிழமை ராத்திபுப் பாட்டில் தப்பு மேளம் நின்றதும் அத்தனை பேரும் மூச்சைப் பிடிப்பார்கள், மறுபடி தப்பில் கை விழுகிறவரைக்கும் விடக் கூடாது. இளவட்டங்கள் கண் பிதுங்க உட்கார்ந்திருக்கும். இந்த வித்தையை அப்பாவுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் ஊரில் நண்டு சிண்டும் சொல்லும்: கிலுறு நபி அலைமேல் நடந்துவந்து கற்றுக்கொடுத்தார். லெப்பையே அதைப் பள்ளிவாசல் மிம்பர் மேடையில் நின்று எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறார், கையை அலைபோல அசைத்து அசைத்து. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து அழுகைகூடக் கேட்கும். ஒருமுறை பட்டணத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மூன்று நாள் தங்கி, அப்பாவின் பாட்டுகளை எழுதிக்கொண்டு, போகும்போது சொன்னார், அப்பாவின் சிந்தனையில் நாலு ஓடைகள் கலக்கின்றன என்று. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். அவர் சொன்ன நாலும் லெப்பைக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான், ஏட்டில் அப்பாவே எழுதிவைத்தவை. ஆனாலும் படித்த மனிதர் சொல்கிறாரே என்று முதல்முறை கேட்பதுபோல வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டார்.

அந்த ஏடு மனைவி மைமூன் வீட்டுப் பெட்டியில் இருந்தது. மாமனார், ஓதப் படித்த மருமகனிடமே இருக்கட்டும் என்று கல்யாணத்தன்று கொடுத்தார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். சிவப்பு மையில் தலைப்பு, கறுப்பு மையில் விஷயம். "என்னை ஆக்கியவர்கள்" என்று அப்பா தம் கடைசிக் காலத்தில் எழுதியது. முதல் உஸ்தாது, அதாவது ஆசான், தகப்பனார்; தோணிக்காரர், எழுத்தும் தொழுகையும் தந்தவர். இரண்டாமவர் மலையாளக் கரையில் தர்க்கம் சொல்லிக்கொடுத்த கிழவர்; கேள்வி கேட்காதவன் வாயில் ஈமானும் ஊசிப்போகும் என்று பிரம்பால் அடித்துச் சொன்னவர். மூன்றாமவர் ஏமனிலிருந்து வந்த குதிரை வியாபாரி. ஒளி ஒன்றுதான், விளக்குகள்தான் பல என்று சொல்லும் ஒரு கிதாபை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வரவேயில்லை. நாலாமவர் சுனைக்கரையில் கிடந்த சடைமுடிக்காரர். கூழ் கொடுத்து, உடம்பை வெறுக்காதே, அது நீ குடியிருக்கும் வீடு என்றவர். இந்த நாலாமவரைப் பற்றியே வெளியில் அதிகம் பேசாதீர்கள் என்று மாமனார் சொல்லித்தான் கொடுத்திருந்தார். நாலோடு ஏடு முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் லெப்பை நினைத்திருந்தார். இந்த நோன்பில் ஒரு பகல், பசி மயக்கத்தில் ஏட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது, கடைசித் தாள் மட்டும் தடித்திருப்பது விரலுக்குத் தெரிந்தது. ஒன்றில்லை, இரண்டு தாள். ஒட்டியிருந்தது. ஈரத்தில் ஒட்டியதில்லை, கஞ்சிப்பசை தடவி ஓரம் தவறாமல் யாரோ ஒட்டியிருந்தார்கள். நூறு வருஷமோ இருநூறு வருஷமோ முன்னால் யாரோ ஒரு லெப்பை. வென்னீர் ஆவியில் காட்டிக் காட்டி மூன்று நாளில் பிரித்தார். மைமூன், நோன்பாளி அடுப்படியில் என்ன செய்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள். பிரித்ததை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வாசித்தார்.

"ஐந்தாவது உஸ்தாது, வலவன் மகன் திரையன். எழுத்தறியாதவன். நம் கலிமா சொல்லாதவன். முத்துக்குளிப்பவன். என் இருபத்திரண்டாம் வயதில், என் தகப்பனாரின் தோணியில், அவனுடைய மச்சான் காய்ச்சலில் கிடந்ததால், அவன் இடுப்புக் கயிறு என் கையில் இருந்தது. மறுகையில் கிதாபு இருந்தது. இறைவன் பிடரி நரம்பைவிட அருகில் இருப்பதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கயிறு மூன்று முறை அசைந்தது. அலை என்று நினைத்தேன். பக்கம் முடிந்ததும் இழுத்தேன். கயிறு கனமில்லாமல் வந்தது. மூன்றாம் நாள் அவன் கரையில் ஒதுங்கினான். அன்றுமுதல் தினமும் ஒருமுறை, அவன் எவ்வளவு நேரம் அடக்கியிருப்பானோ அவ்வளவு நேரம் நான் மூச்சை அடக்குகிறேன். ஜனங்கள் இதைத் தவம் என்கிறார்கள். இவனிடம் கற்றதைத் தவிர நான் வேறு எதையும் கற்கவில்லை." அவ்வளவுதான் அந்தப் பக்கம். அதற்குப் பிறகு வழக்கமாக எழுதுகிற துஆ வேண்டுதல்கூட இல்லை, தேதிகூட இல்லை. லெப்பை அன்றைக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்பாவை அவர் அதுவரை மதித்திருந்தார், பயந்திருந்தார், புகழ்ந்து பாடியிருந்தார். அன்றைக்குத்தான் அவர்மேல் பாசம் வந்தது. இருபது தலைமுறை தாண்டிய ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முத்துக்குளிக்கிறவன் தன் கயிற்றை ஏன் மச்சான் கையில்தான் கொடுப்பான்? தன் அக்காவோ தங்கையோ தாலியறுத்து வந்து நிற்பதை மச்சான் பார்க்கச் சகிக்க மாட்டான், அதனால் கண்ணிமைக்காமல் பிடிப்பான். அந்தக் கடற்கரை முழுவதற்கும் தெரிந்த கணக்கு அது. கிதாபு படித்த பையன் கையில் கயிற்றைக் கொடுத்தது அன்றைக்கு வேறு ஆள் இல்லாததால். அந்தத் திரையன் இறங்குவதற்கு முன் பையனின் முகத்தை ஒருமுறை பார்த்திருப்பானோ, பத்திரம் என்று ஏதாவது சொல்லியிருப்பானோ.

படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது. உமர் கத்தாபுக்குக் குமட்டியது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாரு" என்று லெப்பை ஜிப்பாப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டான். கெட்டவன் இல்லை இவன். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். தப்பு யாருடையது என்று இருபத்தாறு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தாலும் தன் காலடியில்தான் வந்து நிற்கிறது. பசை போட்டு ஒட்டிய லெப்பைக்குத் தெரிந்தது, ஆவி பிடித்துப் பிரித்த லெப்பைக்குத் தெரியவில்லை. தான் அழுதால் ஊரும் அழும் என்று நினைத்தாரே, அதுதான் தப்பு. முப்பத்துநாலு வருஷம் மிம்பரில் நின்றவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அதுவரை அவர் எதைச் சொன்னாலும் திரைக்குப் பின்னால் யாராவது அழுதிருக்கிறார்கள். கந்தூரி மூன்றாம் நாள் காலை மஜ்லிஸ் கூட்டத்தில், எண்ணூறு பேர் முன்னால், கிலுறு நபி கதையை எதிர்பார்த்து எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஏட்டை விரித்து ஐந்தாவது உஸ்தாதை வாசித்தார். ஒவ்வொரு வரியாக நிதானித்து வாசித்தார். முடித்து நிமிர்ந்தபோது ஒரு சத்தமும் இல்லை. ராத்திபில் மூச்சைப் பிடித்திருப்பதுபோல இருந்தார்கள். இதோ அழப்போகிறார்கள் என்றுதான் அந்த ஒரு கணம் நினைத்தார், மடையன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்க அப்பாவைக் கொலைகாரர்ங்கறீரா?" அப்புறம் இன்னொன்று: "காபிர் கையில பாடம் படிச்சவரா ஒலியுல்லா?" அப்புறம் குரல்களை எண்ண முடியவில்லை. ஒலிபெருக்கியை யாரோ பிடுங்கினார்கள். அவர் தலைப்பாகை கீழே விழுந்ததை அவரிடம் ஓதிய ஒருவன்தான் எடுத்துக்கொடுத்தான். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் மரியாதையாகவே நடந்தது, அதுதான் இன்னும் தாங்கவில்லை. யாரும் கை வைக்கவில்லை, கல் விடவில்லை. ஸலாம் மட்டும் குறைந்தது. மதரசாவுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. ஜமாஅத்து கூடிப் பேசியது. தர்கா வழக்கமே கூடாதென்கிற வெளியூர்க்காரன் இதைச் சாக்காக வைத்து தர்காவையே வேண்டாம் என்பான், உள்ளூர்க்காரன் சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டுவான் என்று பேசினார்கள். பயம்தான், உமர் கத்தாபின் கண்ணிலும் அதே பயம்தான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, அக்கா கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், ஜுலைகாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை ஊர் ஜமாஅத்துல நம்ம ஊர்க் கடிதம் கேட்டிருக்காங்க. கடிதம் இல்லாம அவங்க நிக்காஹ் எழுத மாட்டாங்க. எங்காளுங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. அந்த ஏடு பழுதாப்போச்சு, பழுதான மத்ததுகளோட வியாழக்கிழமை கடலுக்குப் போகட்டும். நீங்களே உங்க கையால எறக்கிட்டீங்கன்னா யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல, நான் வாசிச்சது யாரோ பின்னால எழுதிச் சேத்ததுன்னு ரெண்டு வரி சொல்லிருங்க. அந்தப் பேரை இனிமே யார்கிட்டயும் எடுக்க வேணாம். சாயங்காலமே கடிதம் என் கையால கொண்டுவந்து தர்றேன்." குடிக்காத தேநீரைத் தரையில் வைத்தான். "நான் உங்களை மேல இழுத்துப் போடத்தான் பாக்கறேன் மச்சான்" என்றான். அவனுக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைத்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

மகள் ஜுலைகாவுக்கு இருபத்தொன்பது. இரண்டு இடம் பேசி முறிந்தது. ஒன்று பெண் அதிகம் படித்துவிட்டது என்று, இன்னொன்று நிறம் என்று. முறிந்த பிறகு அவள் அழவில்லை, சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் ஒரு ஆள் சிரிக்காமல் நடமாடுவது எப்படிப்பட்ட பாரம் என்று அதைச் சுமந்த தகப்பனுக்குத்தான் தெரியும். இந்த மாப்பிள்ளை கண்ணாடிக்கடை வைத்திருக்கிறான்; மூக்குக்கண்ணாடி. அவனுக்கே பார்வை மட்டு. செவ்வாய்க்கிழமை பகலில் லெப்பை முற்றத்தில் காய்ந்த கைலியை எடுக்கப் போனபோது, அடுத்த அறையில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தவள் பட்டென்று சிரித்தாள். மூன்று வருஷமாகக் கேட்காத சத்தம். தொண்டையில் அடைத்திருந்தது தெறித்து வந்ததுபோல. அவர் கைலியோடு அப்படியே நின்றார். அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. யோசித்தேன், கலந்துபேசினேன், இறைவனிடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுதேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டாலும் முடிவானது அந்தக் கைலிக் கொடியடியில்தான். இன்றைக்குப் புறப்படும்போது அவள் தண்ணீர்ப் புட்டியை நிறைத்துக் கொடுத்தாள். எலுமிச்சம்பழத்தையும் அவள்தான் பையில் போட்டாள். மூட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வேண்டாம் வாப்பா என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் படபடத்தது. சொல்லவில்லை. சொல்லாததற்காக அவள்மேல் ஒரு கோபம்கூட வந்தது, அது வந்ததற்காகத் தன்மேல் வெட்கம் வந்தது. பெற்ற பிள்ளை சந்தோஷமாக இருக்க ஆசைப்படுவதும் குற்றமா. அப்பாவே இருந்தாலும் இறக்கு என்றுதான் சொல்வார், தாளில் என்ன இருக்கிறது என்பார். அப்படி அப்பாவின் வாயில் தனக்கு வேண்டிய சொல்லைப் போட்டுக்கொள்வதும் அவருக்குப் புதிதில்லையே, முப்பத்துநாலு வருஷ வேலை.

கஸ்பார் எஞ்சினை அணைத்தான். திடீரென்று வந்த அமைதியில் தண்ணீர் பலகையைத் தட்டுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது, தர்கா மினாரா ஒரு புள்ளி. "இதான் இடம் லெப்பை, எட்டுப் பாகம், எட்டாள் ஆழம். முன்ன இது முத்துச்சிப்பி வெளைஞ்ச பாருதான். எங்க பாட்டனாருக்கு முந்தின ஆளுவ எல்லாம் இங்கனதான் எறங்கினாவளாம்." லெப்பை எழுந்தார். கஸ்பார் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். முதல் மூட்டை, இரண்டாவது மூட்டை. கஸ்பார் கல்லைக் கட்டித் தூக்கி விளிம்பில் வைப்பான், லெப்பை ஸலவாத்துச் சொல்லிக் கயிற்றை விடுவார். உமர் கத்தாப் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஆமீன் சொன்னான். கயிறு உள்ளங்கையில் ஓடும்போது சுட்டது. தரை தட்டியதும் இளகும். ஒரு நுனியை விட்டு மறுநுனியை இழுக்க, கீழே வளையத்திலிருந்து உருவிக்கொண்டு கயிறு மட்டும் வரும், வெறுமையாக, சொட்டச் சொட்ட. ஒவ்வொரு முறையும் கையை மாற்றி மாற்றி இழுக்கிறபோது அந்தச் சொல் வந்தது. கனமில்லாமல். ஒவ்வொரு முறையும் அவர் அதை விழுங்கினார். ஐந்தும் முடிந்தது. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. மடியில் இருந்ததைக் கஸ்பார் இரண்டு கையாலும் வாங்கினான். சின்னதுதானே என்று ஒற்றைக் கையால் எடுக்கவில்லை. கல்லை வைத்துக் கட்டும்போது குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

"பேரு தெரிஞ்சா சொல்லுங்க லெப்பை. வேற ஒண்ணுமில்ல. வார மாசம் கல்லறைத் திருநாளு. அன்னைக்கி செத்துப்போன எங்க ஆளுவ பேரையெல்லாம் எழுதிக் கொடுப்போம், சாமியார் பூசையில வாசிப்பாரு. அம்மா சொல்லுது, அந்தக் காலத்து ஆளு, நம்ம வேதத்துல சேராதவருன்னாலும் நம்ம ஆளுதானே, ஒரு தடவை வாசிக்கட்டும்னு."

இந்த முறை எஞ்சின் சத்தம் இல்லை. காதில் விழவில்லை என்று இருக்க முடியாது. உமர் கத்தாப் மெதுவாகச் சொன்னான், கெஞ்சுகிற குரலில், "மச்சான், அஸர் தொழுகைக்கு நேரமாகுது." லெப்பை கயிற்றை வாங்கினார். மூட்டை தண்ணீரைத் தொட்டது, உறையில் இருந்த காற்று குமிழியிட்டு வெளியேறியது, ஒரு கணம் மிதந்தது, அப்புறம் கல் இழுத்துக்கொண்டது. ஸலவாத்து வாயில் தானாக ஓடியது. உள்ளே வேறு ஓடியது. சொல்லிவிட்டால் என்ன. நாலு சொல் இல்லை, மூன்று சொல். கஸ்பார் தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து ஊருக்கு வரும், மச்சான் இதோ கேட்டுக்கொண்டே இருக்கிறான், ஒப்புக்கொண்டதை மீறினால் கையெழுத்துப் போடுகிறவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். அவள் போனை வைத்துவிட்டு மறுபடி அந்தப் பழைய முகத்தோடு அடுப்படிக்குள் போவாள். எழுதி அனுப்பினால்? பிறகு, கல்யாணம் முடிந்த பிறகு, ஒருநாள் சும்மா போகிறவன்போல அவன் வீட்டுப் பக்கம் போய்? அடுத்த வருஷம். ஆமாம், அடுத்த வருஷம். பக்கம் முடிந்ததும் இழுக்கலாம். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கு மூச்சே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. கயிறு ஓடிக்கொண்டேயிருந்தது, மூன்று பாகம், ஐந்து பாகம், கையில் ஒரு வெட்டு இழுத்தது, நீரோட்டம்தான், மறுபடி இழுத்தது. தரை தட்டியது. இளகியது.

"திட்டமாத் தெரியலேன்னாலும் பாதிப் பேரு போதும் லெப்பை" என்றான் கஸ்பார். அவன் கையில் ஒரு துண்டுக் காகிதமும், மீன் நாற்றம் அடிக்கும் சின்ன பென்சிலும் இருந்தன. கரையிலேயே எடுத்துவைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"இல்ல கஸ்பார்" என்றார் லெப்பை. குரல் சாதாரணமாகத்தான் வந்தது, மதரசாவில் வருகைப்பதிவு எடுக்கிற குரல். "சும்மா எவனோ கிளப்பிவிட்டது. பேரெல்லாம் ஒண்ணும் இல்ல."

"சரி லெப்பை" என்று கஸ்பார் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் சந்தேகம் ஏதும் இல்லை. லெப்பை சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிற தெருவில் பிறந்தவன். எஞ்சினைத் தட்டப் போனான். உமர் கத்தாப் பெருமூச்சு விட்டு, மச்சானின் முழங்காலில் கையை வைத்து ஒருமுறை அழுத்தினான். "கடிதம் நாளைக்கே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. லெப்பை ஒரு நுனியை விட்டுவிட்டு மறுநுனியை இழுக்கத் தொடங்கினார். கயிறு கனமில்லாமல் வந்தது. வலது கை அதை இழுத்து இழுத்துக் காலடியில் போட்டது. மூச்சப்பாவின் மறுகையில் ஒரு கிதாபாவது இருந்தது. லெப்பையின் மறுகை சும்மாதான் இருந்தது.